கட்டு அவிழ்ந்த மரம்

புசா ரோடு என்னும் பெயர் இந்தச் சாலையில் பிறந்ததன்று. ஓர் இடிபாட்டிலிருந்து எடுத்து வரப்பட்டது. பீகாரில், அன்றைய தர்பங்கா மாவட்டத்தில், புசா என்றோர் ஊர். அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் வழங்கிய 30,000 பவுண்டைக் கொண்டு கர்சன் பிரபு 1905இல் அங்கே வேளாண் ஆய்வகம் ஒன்றுக்குக் கால்கோள் செய்தார். 1934 ஜனவரி 15 பிற்பகல் நிலம் புரண்டது. விதையும் மண்ணும் ஆராய்ந்த கூடங்கள் பிளந்து கிடந்தன. இரண்டாண்டு கழித்து நிறுவனம் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. பெயர்ந்தபோது ஊரின் பெயரையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஊர் இன்றும் அங்கேயே இருக்கிறது, இப்போது சமஸ்திப்பூர் மாவட்டத்தில். ஆனால் புசா என்றதும் உலகம் திரும்பிப் பார்ப்பது தில்லியின் இந்த மூலையை. (ஃபிப்ஸின் பெயரையும் அவர் நாட்டின் பெயரையும் குறுக்கி ஒட்டியதே புசா என்று இங்கே கதை சொல்வார்கள். நம்ப வேண்டாம், அவர் பணம் வருமுன்பே அந்த ஊருக்கு அந்தப் பெயர் இருந்தது.)

பெயர் ஓரிடம், உடல் ஓரிடம். இந்தப் பிரிவை முப்பத்தைந்து ஆண்டுகளாக முகவரியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உறைத்ததில்லை. உறைக்க வைத்தவள் எதிர்வீட்டுச் சிறுமி. இந்தச் சாலையிலேயே உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கிறாள். ஐந்திணையில் நெய்தல் நடத்தியிருக்கிறார்கள். மாலையில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, கட்டுமரம்னா இதுதானே?"

திரையில் வெள்ளை வெளேரென்று ஓர் உல்லாசக் கப்பல். இரண்டு கூர்த்த உடல்கள், நடுவே பாலம்போல் தளம், தளத்தில் சாய்வு நாற்காலி. அடியில் ஆங்கிலத்தில் கேட்டமரான் என்று எழுதியிருந்தது. ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், அந்தப் பெயர் நம்முடையதாயிற்றே. மாடிக்கு மேலே மெட்ரோ ஓடிற்று. அதன் இரைச்சல் ஓயும்வரை நேரம் கிடைத்தது. ஓய்ந்த பின்னும் சொல் எழவில்லை.

அன்றிரவு தரங்கம்பாடியை நினைத்தேன்.

அங்கே, டேனியத் தளபதி ஒருவரின் வீடாயிருந்த பழைய மனையில், ஒரு கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கத்தார் முன்கை எடுக்க, ஊரார் தந்தவற்றைக் கொண்டு அமைந்தது. பெரிய நகரத்து மண்டபங்களைக் கண்ட கண்ணுக்கு அது ஒரு வீடுதான்: படகு, வலை, பழைய நிழற்படங்கள், கடல் கொண்டுபோனதும் கொண்டுவந்து போட்டதும். 2004 சுனாமியின் நினைவும் அங்கே உண்டு. சற்றுத் தள்ளி டான்ஸ்போர்க் கோட்டைக்குள் தொல்லியல் துறையின் காட்சிக்கூடம். அங்கே பீங்கானும், சீனத்துத் தேயிலைச் சாடியும், சிறு பீரங்கிக் குண்டுகளும், ஒரு திமிங்கிலத்தின் எலும்புகளும் ஒரே கூரையின் கீழ் கிடக்கும். வென்றவன், விற்றவன், வேட்டையாடப்பட்டது எல்லாம் ஒரே தூசியில்.

ஊரின் கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், விரைந்து கடக்கிறேன். மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்கிறது, குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. கல்வெட்டுப் பொறித்தது பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில். கோயிலின் முன்பாகத்தை அலை தின்றுவிட்டது. 1620இல் ஓவே கெட்டே என்னும் டேனியத் தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து கோட்டை எழுப்பினார். நாயக்கர் டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் மன்னருக்கு விடுத்த ஓலை, ஓலை வடிவில் வெட்டிய பொன் தகடு. எழுத்து தமிழ், கையொப்பம் தெலுங்கு. அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706இல் சீகன்பால்கு கரையிறங்கினார். அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முற்றுப்பெற்றது. 1845இல் டேனியர் இந்த ஊரையும் வங்கத்துச் சேராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். ஊரை விலைபேசியபோது ஊரை யாரும் கேட்கவில்லை. கேட்பது அக்கால வழக்கமும் இல்லை.

மன்னருக்கும் தளபதிக்கும் பொன்னோலையும் பீங்கானும் இருக்கின்றன. அவர்களுக்காக நான் அழ வேண்டியதில்லை. என் கையறுநிலை கட்டுமரத்துக்கு.

மரத்துக்குக் கையறுநிலை தகுமா என்று இலக்கணம் அறிந்தோர் புருவம் உயர்த்தலாம். தொல்காப்பியர் அதைக் காஞ்சித்திணையில் வைத்தார்; மாண்டவரை எண்ணி மிஞ்சியவர் புலம்புவது அது. புலவர் அழுதது மன்னருக்கு, வள்ளலுக்கு, சோறிட்ட கைக்கு. இருக்கட்டும். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கை, அறு, நிலை. இழந்தவன் இழந்தவரை அன்றித் தன் கையையே இழந்து நிற்பதாக நம் முன்னோர் கண்டார்கள். கட்டுமரத்தின் கதையில் இது உவமையன்று. கட்டுமரம் என்பது மரமன்று, கட்டு. கட்டு என்பது கயிறன்று, கை. அந்தக் கை அற்றுவிட்டது.

மரமே, உன்னை முதலில் கண்டபோது நீ படகாகவே இல்லை. 1991 என்று நினைவு. தரங்கம்பாடி மணலில் நீ பிரிந்து கிடந்தாய். ஐந்து கட்டைகள், பக்கத்தில் சுருட்டிவைத்த தேங்காய்நார்க் கயிறு. உடைந்துவிட்டதா என்று கேட்டேன். சிரித்தார்கள். கடலாடி வந்த மரத்தைக் கட்டவிழ்த்துக் காயப்போடுவார்களாம்; காயாத மரம் நீர் குடித்துக் கனத்துவிடுமாம். நாள்தோறும் பிரிந்து நாள்தோறும் கூடும் கலம் வேறு எங்குண்டு? கொற்கையிலும் புகாரிலும் நின்ற நாவாய்கள் ஒருமுறை கட்டப்பட்டன, ஒருமுறை உடைந்தன. நீயோ ஒவ்வொரு விடியலிலும் பிறந்தாய்.

உனக்கு வயிறில்லை, ஆகவே நீர் நிறைந்து மூழ்க வழியில்லை. அலை உன்மேல் ஏறும், உன் கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கும். கவிழ்த்தாலும் நிமிர்ந்த பக்கம் எதுவோ அதுவே உன் முதுகு. துறைமுகம் எழுவதற்கு முன் சென்னைக் கரையில் மூன்று வரிசையாக அலை உடையும். அந்த அலையைத் தாண்டித் தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவன் உன்மேல் மண்டியிட்டுப் போனவன். கடிதத்தைத் தன் கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வானாம். கும்பினியின் கணக்கும் கட்டளையும் காதலும் அந்தத் தொப்பியின் கீழ் நனையாமல் போயின. தொப்பிக்குள் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே ஒரு பேரரசைச் சுமந்தான்.

உன் முன் நுனியை அணியம் என்றார்கள், பின் நுனியை அமரம் என்றார்கள். அணியத்தில் இருப்பவன் அலையைப் பார்ப்பான், அமரத்தில் இருப்பவன் அணியத்தில் இருப்பவனைப் பார்ப்பான். உன் இனத்திலேயே பெரியது கோலா மரம். சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியவர். சோழமண்டலக் கரையில் பறக்கும் மீனான கோலாவைத் தேடிப் போகும் இம்மரத்தை அவர் அறிந்திருந்தார். கோலாவைத் துரத்திப் பிடிப்பதில்லை. தழைக்கட்டுகளைக் கடல்மேல் மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். கடல் நடுவே திடீரென்று ஒரு தோப்பு. முட்டையிட இடம் தேடி வரும் மீன்கள் அந்த நிழலில் கூடும். வானுக்கும் நீருக்கும் நடுவே தழை விரித்து விருந்தழைத்த வேட்டை அது. இதற்கு மேல் சொன்னால் நான் கரையிலிருந்து கற்பனை செய்கிறேன் என்று கடலாடிகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி உன் பெயரின் அலைச்சலைச் சொல்கிறேன்.

வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697இல் அச்சான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் மரங்களை எழுதியபோது உன் பெயர் ஆங்கிலத்தில் ஏறியது. ஏறிய பெயர் இறங்கவே இல்லை. 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ராபர்ட் ஃபுல்டன் செய்த மிதவை வெடிகளுக்கு ஆங்கிலேயக் கடற்படை உன் பெயரை வைத்தது. மீன் பிடித்த உனக்கா வெடிமருந்து? பிறகு சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் வசையாகவும் உன்னை வழங்கினார்கள். உன்னை ஓட்டிய ஒருத்தனும் தன் வாழ்நாளில் கேட்டிராத வசை. கடைசியில் பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணியை ஐரோப்பியர் தங்கள் கடலுக்குக் கொண்டுபோனபோது அந்தத் தோணிக்கு உன் பெயரைச் சூட்டினார்கள். அந்தத் தீவினருக்குத் தங்கள் தோணிக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? அவர்கள் உடலை இழந்தார்கள், நீ பெயரை இழந்தாய். இரண்டு களவும் கூடிப் பெற்ற பிள்ளைதான் எதிர்வீட்டுச் சிறுமி காட்டிய வெள்ளைக் கப்பல்.

உன் ஊருக்கும் இதே விதி. கோபன்ஹேகனில் அலுமினியா என்னும் பீங்கான் ஆலை நீலப் பூவேலை செய்த ஒரு தட்டு வரிசைக்குத் தரங்கம்பாடியின் டேனியப் பெயரை இட்டது. யாரோ ஒருவர் வீட்டு மேசையில், ரொட்டித் துணுக்கின் கீழ், தரங்கம்பாடி இருக்கிறது.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது நம் நேரப்படி காலை 6:28க்கு. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நீர் இங்கே வந்துவிட்டது. அன்று தரங்கம்பாடியை உள்ளடக்கிய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர் மாண்டனர். அவர்களுக்கு நான் எழுதும் சொல் எதுவும் போதாது. அதனால் எழுதவில்லை.

சில ஆண்டு கழித்துப் போனேன். கரை நிறம் மாறியிருந்தது. நீலமும் மஞ்சளுமாக வரிசை வரிசையாகக் கண்ணாடியிழைப் படகுகள். பைபர் என்றார்கள் ஊரில். கொடுத்தவரின் பெயர் பெரிதாகவும், பெற்றவரின் பெயர் சிறிதாகவும் விலாவில் எழுதியிருந்தது. பைபர் அதற்கு முன்பும் உண்டு. 1990களிலேயே வரத் தொடங்கிவிட்டது. ஆனால் கரையை மொத்தமாக அதற்கு எழுதிக் கொடுத்தது சுனாமியின் ஈகை. வள்ளல்களான பாரியும் ஓரியும் கொடுத்ததால் பெற்றவனிடமிருந்து ஒன்று போயிற்று என்று கதையில்லை. இங்கே கொடையாலேயே ஒன்று செத்தது. கொடுத்தவரும் நல்லவர், பெற்றவரும் நல்லவர். குற்றம் சாட்ட ஆளில்லாத சாவுக்கு அழுவது எப்படி?

மதில் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் போய் உட்கார்ந்தேன். எண்பது வயதிருக்கும். வலையின் கிழிசலைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கட்டுமரம் போய்விட்டதே ஐயா என்றேன். என் குரலில் அழுகை இருந்திருக்க வேண்டும்.

"அழுவுறதுக்கு என்ன தம்பி இருக்கு அதுல? மரத்துல போனவனுக்குத்தான் தெரியும் இடுப்பு. உக்காந்தாலும் தண்ணி, நின்னாலும் தண்ணி. முட்டியில தோலே இருக்காது."

"அலையில எல்லாம் உடைஞ்சு போச்சா?"

"கடல்ல ஒடையல. கரையிலதான் ஒடஞ்சுச்சு, வூட்டோட மோதி. அப்புறம் குடுக்க வந்தாங்க. என்ன வேணும்னு கேட்டவங்களும் உண்டு. நாங்களும் பைபர்தான் கேட்டோம். யாரு மரம் கேப்பா?"

என் இரங்கற்பா அந்த இடத்திலேயே கிழிந்தது. புசா ரோட்டு மாடியில் உலர்ந்த முட்டியோடு உட்கார்ந்திருப்பவன் நனைந்த முட்டிக்காக எப்படி ஏங்கலாம்? வெகு நேரம் பேசாமல் இருந்தேன். அவரும் இருந்தார். பிறகு, என்னைத் தேற்றுவதற்கோ தன்னைத் தேற்றுவதற்கோ தெரியாது, கடலை மோவாயால் காட்டி, "சோழகம் எடுக்குது" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அவருக்குள் ஒரு கதவு திறந்தது. சோழகம் தெற்கிலிருந்து வரும், கச்சான் மேற்கிலிருந்து, வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து மழையைக் கூட்டிக்கொண்டு. காற்றுக்கு ஒரு பெயர் என்றால் நீரோட்டத்துக்கு வேறு பெயர்: வன்னி, தெண்டி, மேமரி, ஒலினி. எது எப்போது எதன்மேல் ஏறும், ஏறினால் எந்த வலை, எந்த மீன், எத்தனை நாள். விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதத் தாளெடுத்தேன். எழுதாதே என்பதுபோல் கையை அசைத்தார்.

"இதெல்லாம் எழுதி வச்சா வராது. மரத்துல கெடந்தா முதுகுக்குத் தெரியும். எம்பேரன் போன்ல பாக்குறான் காத்த. பன்னண்டுங்குறான், பதினஞ்சுங்குறான். எனக்கு அது புரியல. அவனுக்கு நான் சொல்றது புரியல."

பேரனின் கைப்பேசியை நான் பழிக்க மாட்டேன். ஐதராபாத்தில் கடல்சார் தகவல் மையம் இருக்கிறது. அங்கே 2007இல் சுனாமி எச்சரிக்கை நிலையம் வந்தது. 2004இல் அது இருந்திருந்தால் இந்தப் பெரியவர் யார் யாரை இழந்திருக்க மாட்டாரோ? நான் கேட்கவில்லை. எண் உயிரைக் காக்கிறது. சோழகம் என்னும் சொல் அந்தக் காலையில் யாரையும் காக்கவில்லை. இதை ஒப்புக்கொண்டுதான் அழுகிறேன்.

பெயரை இங்கே கொண்டுவந்த இந்தச் சாலைக்கு அந்தக் கரையோடு ஓர் உறவும் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை புசா நிறுவனத்தின் இயக்குநர். கோதுமைக்கு வாழ்வளித்தவர் என்று அவரை நாடு அறியும். பின்னாளில் அவர் சென்னையில் நிறுவிய ஆய்வு நிறுவனம் பூம்புகாரில், தரங்கம்பாடிக்குச் சற்று வடக்கே, மீனவர்க்கென்று ஒரு பயிற்சி நிலையம் அமைத்தது. கடல்கொண்ட பட்டினத்தின் கரையில் புசாவின் மனிதர் மீனுக்குப் பள்ளி வைத்தார். வயலில் மறையும் நெல்வகைக்கு நம்மிடம் விதை வங்கி உண்டு; ஒரு பிடி விதை இருந்தால் நூறாண்டு கழித்தும் முளைக்க வைக்க ஆசைப்படலாம். கட்டுக்கு ஏது விதை?

அருங்காட்சியகத்தின் வேலை இங்கேதான் முட்டி நிற்கிறது. குறை சொல்லவில்லை. அந்தச் சிறிய மனை இல்லாவிட்டால் இவ்வளவும் இல்லை. அதைக் காக்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். குஜராத்தின் லோத்தலில் நாட்டின் கடல்மரபுக்கென்று மாபெரும் வளாகம் எழுந்துகொண்டிருக்கிறது. அங்கே நீ போனாலும், மரமே, உன்னை நன்றாகவே வைப்பார்கள். விளக்குப் போடுவார்கள். ஆனால் அங்கே நீ எப்போதும் கட்டியபடியே இருப்பாய். அவிழ்த்துக் காயப்போட மாட்டார்கள். அவிழ்த்தால் யார் கட்டுவது? பிரிந்து கூடிய உன்னை ஒரே கூடலில் நிறுத்திவிட்டால் அது பாடம் செய்த பறவையின் சிறகு.

புறப்படும்போது முதியவரிடம் ஒரு முடிச்சுக் கற்றுத் தரச் சொன்னேன். சிரித்தார். பழைய நார்க்கயிறு ஒரு முழம் எடுத்து, இரண்டு சுள்ளிகளை ஒட்டிவைத்து, மெல்ல, குழந்தைக்குச் சொல்வதுபோல் போட்டுக் காட்டினார். இப்படி மேலே, இப்படி அடியில், இங்கே நனைச்சு இழு, காஞ்சா தானே இறுகும். நான் மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை தலையசைத்தார். கயிற்றை என் பையிலேயே வைத்துவிட்டார்.

எதிர்வீட்டுச் சிறுமிக்குப் பதில் சொல்ல மறுநாள் அந்தக் கயிற்றைத் தேடி எடுத்தேன். அலமாரியின் அடியில், பழைய ரயில் சீட்டுகளோடு கிடந்தது. இன்னும் சற்றே உப்பு வாடை இருந்தது, அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவள் இரண்டு பென்சில்களை ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். மேலே ஒரு சுற்று. அடியில் ஒரு சுற்று. கீழே சாலையில் ஆட்டோக்காரர்கள் கரோல் பாக், கரோல் பாக் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சுற்று உள்ளிருந்து வெளியே வருமா, வெளியிலிருந்து உள்ளே போகுமா? கண்ணை மூடிப் பார்த்தேன். அவர் கை தெரிந்தது. கால் பெருவிரலில் மாட்டிய வலை தெரிந்தது. கயிறு போன வழி தெரியவில்லை.

"விடட்டுமா தாத்தா?" என்றாள்.

விட்டாள். பென்சில்கள் உருண்டன.